முதலில் போகிறவன்

என் கையை அவன் தட்டிவிட்டான். கோபமாகக்கூட இல்லை, சோற்றுத் தட்டில் உட்கார வரும் ஈயை விரட்டுவதுபோல, கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமல் தட்டிவிட்டான். புணேயை அடுத்த கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த சைபர் கஃபேயில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் தம்பி பிறந்ததிலிருந்தே காது கேட்காதவன். அதுவரை என் இடது கைதான் அவனுக்குக் காது. ரயில் பாதையைத் தாண்டும்போது அவன் தோளிலும், கடையில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் முழங்கையிலும் என் விரல்கள் இருக்கும். அந்தக் கையை அவன் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் புணே வந்து கட்கியில் தங்கிவிட்டது. அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. தம்பி காது கேளாதோர் பள்ளியில் மராத்தியில் படித்தான். படிப்பு முடிந்ததும் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். வீட்டில் நாங்களாக உண்டாக்கிக்கொண்ட கைமொழி ஒன்று இருந்தது. அதில் பள்ளியில் கற்ற சைகைகளும் கலந்திருந்தன. அவன் சொன்னதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் அவன் கைகள் சொன்னவை. எங்கள் வீட்டுப் பேச்சை அவற்றுக்கு நான் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் அவன் சொல்வதை அப்படியே வெளியே சொல்லவும் மாட்டேன். அவன் கடைக்காரரைத் திட்டினால், "கொஞ்சம் சீக்கிரம் தர முடியுமா" என்று ஆக்கிவிடுவேன். அவனை யாரும் வெறுத்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு. எனக்கோ மகர்பட்டாவில் ஒரு கால் சென்டரில் வேலை. வாரம் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடல் தாண்டிய மனிதர்களின் எரிச்சலைக் கேட்டுச் சம்பளம் வாங்கினேன். காது கேட்பதே என் தொழிலாக இருந்தது.

பட்டறையில் கூட வேலை செய்த ஒரு மராத்திப் பையன்தான் தம்பியை அந்தக் கஃபேக்கு அழைத்துப் போனான். அவனை நாங்கள் எல்லோரும் கேப்டன் என்றே கூப்பிட்டோம். துப்பாக்கியைப் பிடித்த கை மட்டும் திரையில் தெரிய, நாமே அந்த இடத்தில் நடப்பதுபோன்ற விளையாட்டு அது. ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஐந்து பேர். ஒரு பக்கத்தார் குறிப்பிட்ட இடத்தில் குண்டு வைக்க வேண்டும். மறுபக்கத்தார் தடுக்க வேண்டும். ஒரு சுற்றில் சுடப்பட்டவன் அந்தச் சுற்று முடியும்வரை சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த ஆட்டத்தில் பாதி, காதில்தான் இருக்கிறது. எதிரியின் காலடிச் சத்தம் எந்தச் சுவருக்குப் பின்னால் கேட்கிறது, இடமா வலமா, கல்லின் மேலா இரும்பின் மேலா என்பதெல்லாம் ஹெட்போனில் வரும். தம்பிக்கு எதுவும் வராது. அவன் குறி அந்தக் கஃபேயிலேயே சுத்தமானது; ஆனால் யார் வேண்டுமானாலும் பின்னால் வந்து அவனைச் சுட்டுவிட்டுப் போகலாம்.

எனவே அவனுக்காகப் பேச நான் போனேன், பிறகு நானும் விளையாட உட்கார்ந்தேன். பெண்கள் வராத இடம் அது. கஃபேக்காரர் என்னைப் பார்த்து, "ஈமெயில் பாக்கணுமா பெஹன்ஜி?" என்று சகோதரி முறை வைத்துக் கேட்டது நினைவிருக்கிறது. தம்பியின் வலப்பக்கம் உட்கார்ந்து, வலது கையில் மவுஸும் இடது கையில் அவன் முழங்கையுமாக ஆடினேன். ஒரு தட்டு இடம், இரண்டு தட்டு வலம், அழுத்தினால் நில். இதனால் நானும் பாதி ஆட்டம்தான் ஆடினேன், அவனும் பாதி ஆட்டம்தான் ஆடினான். கேப்டன் யோசித்து அவனைக் கடைசியில் நிறுத்தினான். எல்லோரும் முன்னே போவோம், இவன் பின்னால் நின்று காவல் காக்கட்டும் என்று. அது அன்பால் எடுத்த முடிவுதான். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். பட்டறைப் பையன்கள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் ஐந்து பக்கம் ஓடினோம். ஆளாளுக்குக் கத்தினோம். "இங்க இருக்கான், இங்க இருக்கான்" என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் கத்தினால் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையைத் தட்டிவிட்டவன், அந்தச் சுற்றில் செத்துப்போய், எழுந்து நின்று, எங்கள் எல்லோரின் திரைகளையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் சொன்னான்: "நான்தான் எப்பவும் மொதல்ல சாவறேன். அதனால நீங்க எல்லாம் எப்படி சாவறீங்கன்னு முழுசா பாத்தவன் நான் ஒருத்தன்தான். கேப்டன வீட்டுக்குக் கூப்பிடு. காட்டறேன்."

எங்கள் குடியிருப்பில் இரண்டே அறைகள். அம்மா சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். தம்பி கேப்டனின் கையில் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொடுத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினான். இன்னொரு சுருட்டு எனக்கு, ஒன்று அவனுக்கு. முதலில் அவன் தனியாக உள்ளே நுழைந்தான். கேப்டன் அவன் முதுகில் அடித்தான். நான் கூடத்தின் மறுமுனையிலிருந்து ஓடி வருவதற்குள் கேப்டன் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னையும் அடித்தான். தம்பி எங்கள் இருவரையும் பழைய இடத்துக்கு அனுப்பினான். இந்த முறை என்னைத் தன் முதுகுக்குப் பின்னால், மூச்சு படும் தூரத்தில் நிறுத்திக்கொண்டான். நுழைந்தான். கேப்டன் அவனை அடித்த அதே நேரத்தில் என் சுருட்டு கேப்டனின் மண்டையில் விழுந்தது.

"இன்னாடி கூத்து இது? ரெண்டும் சேந்துகினு என் கஞ்சித் தண்ணியக் கவுத்துடாதீங்க," என்றார் அம்மா.

தம்பி கேப்டனைப் பார்த்துக் கையை அசைத்தான். நான் சொன்னேன்: "ஒருத்தன் தனியா போய்ச் செத்தா அது வீண். பின்னாடியே இன்னொருத்தன் இருந்தா, அவனச் சுட்டவனும் சாவான். அப்ப கதவு நம்மளுது. மூணாவது ஆள் ரெண்டாவது ஆளோட முதுக விடக் கூடாது. நாம எப்பவும் ஒருத்தர் ஒருத்தரா போய்ச் சாவறோம்."

கேப்டன் மண்டையைத் தடவிக்கொண்டே, "சரி. மொதல்ல யார் போறது? மொதல்ல போறவன் பாதி நேரம் செத்துடுவானே," என்று இந்தியில் கேட்டான்.

தம்பி தன் நெஞ்சில் விரலை வைத்தான்.

நான்தான் முதலில் மறுத்தேன். கேப்டனும் தலையை ஆட்டினான். காது கேட்காதவன் முன்னால் போவதா என்று அவன் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னதை, தம்பி உதட்டிலிருந்து படித்துவிட்டான். அவன் கைகள் வேகமாகப் பேசின. நான் வழக்கம்போல அதைப் பதமாக்கப் பார்த்தேன். என் வாய் அவன் கைகளைவிடக் குறைவாக அசைவதைப் பார்த்துவிட்டு அவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான். "நான் சொன்னத சொல்லு. முழுசா."

சொன்னேன். "காது கேக்கறவங்க மொதல்ல போய் இதுவரைக்கும் இன்னா கிழிச்சீங்க? உள்ள போறவனுக்குக் காது எதுக்கு? உள்ள ஆள் இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு வேண்டியது கண்ணும் கையும். பின்னாடி காவல் நிக்கறவனுக்குத்தான் காது வேணும். நீங்க எனக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு, எனக்கு எது முடியாதோ அந்த எடத்துல கொண்டுபோய் நிக்க வெச்சிருக்கீங்க."

கேப்டன் கையிலிருந்த காகிதச் சுருட்டைப் பிரித்து மடித்து வைத்தான். பிறகு சொன்னான்: "அடுத்த ஞாயிறு. பாத்துடலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் முன்னால், நான் அவனுக்குப் பின்னால், எனக்குப் பின்னால் கேப்டன், மற்ற இரண்டு பேரும் காது தேவைப்படும் இடங்களில் காவல். பேசுவது ஒருவர் மட்டும் என்று விதி வைத்தோம். கத்துகிறவன் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். நான் அவன் முழங்கையைத் தொடக் கூடாது என்று அவன் விதி வைத்தான். அப்படியானால் நான் கேட்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? அதற்கும் அவனே வழி கண்டுபிடித்தான். ஆட்டத்துக்குள் ஒவ்வொருவர் துப்பாக்கியிலும் ஒரு டார்ச் இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. பின்னால் வரும் நான், சத்தம் வரும் பக்கத்துச் சுவரில் ஒரு கணம் டார்ச் அடித்து அணைத்தால் போதும். அவனுக்கு முன்னால் வெளிச்சம் விழும். எதிரிக்கும் தெரியலாம்தான். ஆனால் அதற்குள் அவன் உள்ளே இருப்பான்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுவல்ல. அவன் விழுவதைப் பார்ப்பதுதான். விளையாட்டுதான், பொம்மை உருவம்தான். ஆனாலும் என் கண்ணெதிரே அவன் சாய்ந்ததும் ஒரு கணம் என் விரல் நின்றுபோகும். அந்த ஒரு கணத்தில் எதிரி தப்பிவிடுவான். தம்பி நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, "நான் செத்தா ஒனக்கு இன்னா? அழறதுக்கா வந்தே? அவனச் சுடு," என்று கையை ஆட்டுவான். கஃபேயில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மெல்ல மெல்லப் பழகினேன். அவன் விழும்போதே என் கை நகர ஆரம்பித்தது. மழைக்காலம் முடிவதற்குள் அந்த நெடுஞ்சாலையோரத்து கஃபேக்களில் எங்களோடு ஆட ஆட்கள் தயங்கினார்கள். சத்தமே போடாத அணி என்று எங்களுக்குப் பெயர் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நகரத்துக்குள் ஒரு கல்லூரி அரங்கில் போட்டி. பாணேர் பக்கத்திலிருந்து வந்த கம்பெனிக்காரர்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுச் சொந்த ஹெட்போனோடு வந்திருந்தார்கள். நாங்கள் பட்டறையிலிருந்தும் ஷிப்டிலிருந்தும் வந்தவர்கள். கேப்டனின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. காலை ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தோம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் மற்றவர்கள் வாயால் பேசிக்கொண்டதை நானும் தம்பியும் கையால் பேசிக்கொண்டோம். அரையிறுதியில் எங்களோடு ஆட வேண்டிய அணி எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவர்கள் போய் ஒருங்கிணைப்பாளரிடம் பேசினார்கள்.

ஒருங்கிணைப்பாளர் மரியாதையான மனிதர். வந்து ஆங்கிலத்தில் விளக்கினார். கைச் சைகைகளைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது; அதில் என்ன தகவல் போகிறது என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை; எனவே சைகை கூடாது; என் தம்பியை வரிசையின் கடைசி இருக்கைக்கு மாற்ற வேண்டும்; சிரமமாக இருந்தால் இந்த ஆட்டத்துக்கு மட்டும் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், போட்டி நடத்துபவர்களே ஒரு ஆளைத் தருகிறார்கள்.

என் வாழ்க்கையில் அதுவரை இப்படிப்பட்ட இடங்களில் நான் சிரித்துத் தலையாட்டி, "பரவாயில்லை சார்" என்று சொல்லித்தான் பழக்கம். கால் சென்டரில் அதற்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். அன்று எனக்குள் ஏதோ மறுத்துவிட்டது.

"நானும் அவனும் தமிழ்ல பேசிக்கிட்டா உங்களுக்குப் புரியுமா சார்?" என்று கேட்டேன்.

"புரியாது. ஆனா அது..."

"அதுக்குத் தடை உண்டா?"

"இல்ல, அது ஒரு மொழி."

"இதுவும் மொழிதான். எங்க வீட்ல இதுலதான் சண்டை போடறோம்."

கேப்டன் மராத்தியில், அவனுக்குப் பதில் வேறு ஆளை வைத்தால் ஐந்து பேரும் எழுந்து போவோம் என்றான். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தம்பி என் தோளைத் தட்டினான். "இன்னா சொல்றாங்க?" நான் எதையும் பதமாக்கவில்லை. அவர்கள் சொன்ன எல்லாவற்றையும், வேறு ஆளைத் தருவதாகச் சொன்னதையும் சேர்த்து, அப்படியே சொன்னேன். அவன் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தான், புகார் சொன்னவர்களைப் பார்த்தான். பிறகு தன் மவுஸின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு, வரிசையின் கடைசி இருக்கைக்கு நடந்து போய் உட்கார்ந்தான். அங்கிருந்து ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினான். "கை இனிமே மவுஸ்தான் புடிக்கும், பேசாது. ஆரம்பிக்கச் சொல்லு."

எனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று பேர். எக்கினாலும் அவன் முழங்கை எனக்கு எட்டாது. அந்த ஆட்டத்தின் ஒரு சுற்று இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நீண்ட நடைபாதை, கடைசியில் ஒரு கதவு. வலப்பக்கம் மேலே இரும்புப் படியில் காலடி கேட்டது. வலது கதவு நிலையில் டார்ச்சை அடித்து அணைத்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் அணைவதற்கு முன்பே வலப்பக்கம் பாய்ந்தான். படியில் நின்றவனைச் சாய்த்தான். அடுத்தவன் அவனைச் சாய்த்தான். அந்த அடுத்தவனை நான் சாய்த்தேன். எனக்குப் பின்னால் கேப்டன் நுழைந்து குண்டை வைத்தான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையின் அந்தக் கோடியில் என் தம்பி, செத்துப்போனவன், நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். எதிரணி எழுந்தபோது எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். எதிரில் வந்தவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தைத் தீர்மானித்த சுற்றில் எங்கள் பக்கமும் ஒரு தவறு நடந்தது. தம்பி நுழைந்து விழுந்தான். அவனைச் சுட்டவனை நான் சுட்டேன். எனக்குப் பின்னால் வர வேண்டிய கேப்டன், முதுகுப்பக்கம் ஏதோ சத்தம் கேட்டுக் கதவருகே நின்றுவிட்டான். உள்ளே நான் தனி. முடிந்தது.

பரிசளிப்பில் ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்து, ஒரு சிறப்புப் பரிசு இருக்கிறது என்று சொல்லித் தம்பியைக் கைகாட்டினார். அரங்கமே கை தட்டியது. அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. அரையிறுதியில் நடந்ததற்கு ஈடு செய்ய நினைத்திருக்கலாம். மேசையில் வெற்றி பெற்றவர்களின் கோப்பையைவிடப் பெரிதாக ஒரு கோப்பை இருந்தது. தம்பி என்னிடம் கேட்டான். "இன்னாத்துக்கு?"

"காது கேக்காமயே நீ இவ்ளோ தூரம் வந்தியாம். அந்தத் தைரியத்துக்கு."

"கேப்டனுக்கு உண்டா?"

"இல்ல."

"ஒனக்கு?"

"இல்ல. ஒனக்கு மட்டும்."

அவன் மேடை ஏறினான். கோப்பையைத் தொடவில்லை. ஒருங்கிணைப்பாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். என் தம்பிக்குக் குரல் உண்டு. ஆனால் தெருவில் பிள்ளைகள் சிரித்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே அதை அவன் எடுத்ததில்லை. அன்று எடுத்தான். உடைந்து, மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்தக் குரல் ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது. "நஹீன். ஹம் ஹார் கயே." இல்லை, நாங்கள் தோற்றுவிட்டோம் என்று இந்தியில் சொல்லிவிட்டு, மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தான். கைதட்டல் பாதியில் நின்றுபோனது. பிறகு இரண்டாம் பரிசுக்கு எங்கள் அணியைக் கூப்பிட்டபோது, முதல் ஆளாக எழுந்து எங்கள் நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு போனான்.

சிவாஜிநகரில் லோக்கல் ரயிலைப் பிடித்தோம். வண்டி முழுக்க அவன் கேப்டனோடு சண்டை போட்டான். நான் நடுவில் நின்று, ஒரு சொல்லையும் பதமாக்காமல், இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏன் கதவருகே நின்றாய், சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், முதுகை விடக் கூடாது என்று வீட்டில் காட்டினேனா இல்லையா? எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவன் கைகளையே பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. வீட்டில் அம்மாவுக்கு மட்டும் கோப்பை போன வருத்தம். "குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே? அரிசியாவது போட்டு வெச்சிருப்பேன்," என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பாணேரில் இருக்கிறேன். ஒரே நிறச் சட்டை போடும் கம்பெனி ஒன்றில் எனக்கும் ஒரு நாற்காலி. தம்பிக்குக் கசார்வாடியில் சொந்தப் பட்டறை. எதுவாக இருந்தாலும் மோதிப் பார்க்கும் குணம் மட்டும் மாறவில்லை. இப்போதைய விளையாட்டுகளில் காலடிச் சத்தத்தைத் திரையிலேயே குறியாகக் காட்டும் வசதி வந்திருக்கிறது. அதை அவனிடம் பெருமையாகச் சொன்னபோது, "இத்தினி வருஷம் எதுக்குத் தூங்கினாங்களாம்?" என்றான். சமீபத்தில் என் அலுவலகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான நாளன்று அவனைப் பற்றி ஊக்கம் தரும்படி பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. அவனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவான். பதில் உடனே வந்தது.

"பேசு. ஆனா ஊக்கம் கீக்கம் வேணாம். நாம எப்படித் தோத்தோம்னு சொல்லு. அங்க யாராச்சும் டீமா வேல செய்யறவங்க இருந்தா, அவங்களுக்கு ஒதவும்."